கோயில் மண்ணை மறுபடி அளந்தவர்

மண்ணின் மனமறிந்த மாண்பாளரே! அளவில் அணுவளவும் அசையாத அன்னையே! ஈப்போவில் எங்கள் மண் பரிசோதனைக் கூடத்தை முப்பத்து மூன்று ஆண்டுகள் முனைந்து காத்த திருமதி சாரதாதேவி அவர்களே, வணக்கம்.

அக்கா, முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது ஊரறிந்த செய்தி. ஆகவே உங்களைப் பற்றி வந்திருப்போரிடம் சொல்கிறோம். நீங்கள் பேசாமல் கேசரியைச் சாப்பிடுங்கள்.

சபையோரே, பழைய ரப்பர்த் தோட்டத்துக் கோயிலையொட்டி ஒரு பாலர் பள்ளி இருக்கிறது. சற்றுத் தள்ளி ஒரு தொழிற்சாலை. சுரங்கத்தில் வெள்ளீயம் எடுத்தபின் மிஞ்சும் கரிய மணலை, நாம் அமாங் என்கிறோமே, அதைச் சலித்துத் தாது பிரிக்கும் இடம். அந்த மணலில் இயற்கையாகவே கதிர்வீச்சு உண்டு. பிள்ளைகள் விளையாடும் முற்றத்தில் அது கலந்திருக்கிறதா என்று பெற்றோர் கேட்க, சென்ற ஆண்டு அக்கா அளந்தார். ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்று வேண்டும். சாமி இருக்கும் இடத்தை யார் தொடப்போகிறார்கள் என்று கோயில் வாசலைத் தேர்ந்தார். இரண்டும் ஒரே அளவு காட்டின. நம் கிந்தா வட்டாரத்து மண் எங்குமே சற்றுக் கூடுதலாகக் காட்டும் என்பதால் யாருக்கும் ஐயம் எழவில்லை. பாதிப்பில்லை என்று அறிக்கை போயிற்று.

இவ்வாண்டுத் திருவிழாவில் அக்கா பந்தியில் அமர்ந்திருந்தார். அத்தனை மழைக்கும் வாசலில் தண்ணீர் நிற்கவில்லையே என்று வியந்தார். பரிமாறிக்கொண்டிருந்த கோயில் செயலாளர் தேவன், லோரி ஓட்டுபவர், பெருமையாகச் சொன்னார்:

"அது இந்த ஊரு மண்ணு இல்லலா, அக்கா. மூணு வருஷத்துக்கு முன்ன மேடு போட ஃபேக்டரிக்காரன் சும்மா கொடுத்தான். நான்தான் எட்டு லோரி ஏத்தியாந்தேன். மிச்சத்தப் பாலர் பள்ளியில கொட்டினோம்."

அக்கா கை கழுவினார். பக்கத்திலிருந்த நம் கூடத்துத் திருக்குமரனிடம், "வண்டியில இருக்கிற மீட்டரை எடுங்கோ, திரு. நாங்க ஃபேக்டரி மண்ணை ஃபேக்டரி மண்ணோடயே ஒப்பிட்டிருக்கோம்" என்றார். பாயசம் இலையிலேயே கிடந்தது. வேட்டி மடித்துக் கட்டிய கூட்டம் வேடிக்கை பார்க்க, யாரும் கை வைக்காத ரப்பர் மரச் சரிவில் போய் அளந்தார். கோயில் வாசல் அதைப்போல் நான்கு மடங்கு. அன்று அவரோடு ஓடிய ஓட்டத்தில் எங்களுக்கு மூச்சு வாங்கியது!

ஓய்வுபெற ஏழே வாரம். புதிய அறிக்கை போதும், பழையதைக் கிளற வேண்டாம் என்று மேலிடம் சொன்னது. அக்கா கேட்கவில்லை. 'என் முந்தைய அறிக்கை தவறு' என்று எழுதி, பெற்றோர் கூட்டத்தில் தாமே வாசித்தார். முப்பத்து மூன்று ஆண்டுப் பெயரை அந்த ஒரு தாளில் பணயம் வைத்தார்.

ஷாமினி என்ற தாய், "எங்க பிள்ளைங்களுக்கு ஏதாச்சும் ஆகுமாக்கா?" என்று கேட்டார்.

"உடனே பயப்படுற அளவு இல்லம்மா. ஆனா பிள்ளைகள் தினம் புரளுற இடத்துல இந்த மண் இருக்கக் கூடாது."

சென்ற வாரம் இரண்டு இடத்திலும் அந்த மண்ணை அள்ளி அகற்றினார்கள். திங்கட்கிழமை அக்கா மீண்டும் அளந்தார். சரிவின் அளவேதான்! பிள்ளைகள் முற்றத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் அறிக்கையில் அக்காவின் கையெழுத்துக்குக் கீழே வேறு இரண்டு கையெழுத்துகளும் இருந்தன. சரிபார்க்க வேண்டியவர்கள், ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டவை. அவர் வாசித்த தாளில் அந்தப் பெயர்கள் இல்லை. கேட்டதற்கு, "ஒப்பிட அந்த இடத்தைக் காட்டினது நான்தானே" என்று முடித்துவிட்டார். கூட்டத்தில் நாங்கள் பின்வரிசையில் வாய்மூடி இருந்தோம். இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

அக்கா, நோயின்றி, நிறைவோடு, நூறாண்டு கடந்தும் நீங்கள் வாழ வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது இம்மடலின் நகல்தான். மூலத்தைச் சட்டமிட்டு, வருவோர் எல்லோரும் படிக்கும்படி நம் கூடத்தின் வாசலில் மாட்டுகிறோம்.

இங்ஙனம்,
முதல் அறிக்கையைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்ட
திருக்குமரன்
தினேஸ்வரி
இவர்களோடு மற்றப் பணியாளர் அனைவரும்