வேலிக்கு இந்தப் பக்கம்

— இன்னும் எத்தனை பேர்டி வேணும்? எனக்குக் கண்ணே பூத்துப் போச்சு.

— மொத்தம் நூத்தி நாப்பதும்மா. எவ்வளவு வெட்டியிருக்க?

— எழுபது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் என்னவோ போன்னு விட்டுட்டேன். இருபது வருஷமா துணி வெட்டுறேன், இவ்வளவு பொடிசா எதையும் வெட்டினதில்ல. காகித ஆள் என் நகத்தளவுதான் இருக்கான்.

— இந்த மாடல்ல எல்லாமே நிஜத்துல நூத்துல ஒரு பங்கும்மா. ரோடு, மரம், பெஞ்ச், எல்லாம். மனுஷங்க மட்டும் பெரிசா இருந்தா ரோடு சின்னதாத் தெரியும்.

— தெரியட்டுமே. நல்லதுதானே?

— இதையே மத்தியானம் வந்து சொல்லு. மார்க்கு உனக்கே போட்டுடுவாங்க.

— போதும்டி நக்கல். ஒரு வாய் காபியாவது குடி. மூஞ்சி வெளிறிக் கிடக்கு.

— இறங்கலம்மா. ரெண்டு மணிக்கு காலேஜுக்கு வெளியிலேர்ந்து மூணு பேர் மார்க்கு போட வருவாங்க. போன தடவை மாதிரி ஆச்சுன்னா இன்னொரு வருஷம். சத்தியமா என்னால முடியாது.

— போன தடவை என்னதான் சொன்னாங்க? வந்து படுத்தவ மூணு நாள் வாயே திறக்கல.

— "படம் அழகா இருக்கு. யாருக்காக வரைஞ்ச? முதல்ல போய் ரோட்டுல போறவங்களை எண்ணிட்டு வா"ன்னாங்க. எல்லார் முன்னாடியும். அதான் இந்தத் தடவை ஏழு நாள் எண்ணினேன். இதுல ஒரு வரி கூட என் கற்பனை இல்ல.

— சரி, சரி. ஆளுங்களை வெட்டிட்டேன், இந்த நாய்க்கு வால் ஒட்டணுமா?

— ஒட்டு. அப்புறம் அந்தக் கம்பிவேலியைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ. மருந்துக் கடைக்கு முன்னாடி, ரோட்டு ஓரத்தோட ஓரமா. அழுத்திப் பிடி, பசை காயணும்.

— இங்கயா? இங்க தாண்டிப் போற வெள்ளைக் கோடு இருக்கேடி.

— அதை எடுத்தாச்சு. பள்ளிக்கூடத்துக்கிட்ட தள்ளிட்டேன். முன்னூறு அடி நடந்தா போதும், அங்க சிக்னலே இருக்கும்.

— முன்னூறு அடி.

— மருந்துக் கடைகிட்ட யாரும் தாண்டுறதே இல்லம்மா. ஏழு நாள்ல வெறும் பதினோரு பேர். பதினோரு பேருக்காக ஒரு வழி விட்டா, ஏன்னு கேட்பாங்க. கணக்கு அப்படித்தான் சொல்லுது.

— எப்படி எண்ணின?

— காலேஜ் மொட்டை மாடியில உக்காந்து. பன்னிரண்டுலேர்ந்து ஒண்ணு வரைக்கும். இந்தக் கரையிலேர்ந்து அந்தக் கரைக்கு வந்துட்டா நோட்டுல ஒரு கோடு. அவ்வளவுதான்.

— வராதவங்களுக்கு?

— வராதவங்களை எப்படிம்மா எண்ணுறது?

— சும்மா கேட்டேன்.

— நிப்பாங்க சில பேர். வேடிக்கை பார்க்க, யாரையாவது எதிர்பார்த்து. ஒரு கருப்புக் குடை தினமும் வரும். கோட்டுக்கிட்ட நிக்கும், ரெண்டு அடி இறங்கும், திரும்ப ஏறிக்கும். அரைமணி நேரம். அப்புறம் வந்த வழியே போயிடும். நானும் என் ஃப்ரெண்டும் பந்தயமே கட்டினோம், இன்னைக்குக் குடை தாண்டுமா தாண்டாதான்னு.

— யார் ஜெயிச்சா?

— அவதான். ஒரு நாள் கூடத் தாண்டல. மேலேர்ந்து பார்த்தா குடை மட்டும்தான் தெரிஞ்சது, ஆளே தெரியல. அதுக்கு எந்தக் கட்டத்துலயும் இடமில்ல, விட்டுட்டேன். வேலியை விட்டுடாதம்மா, சாயுது.

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அந்த ஏழு நாளும் மத்தியானம் எனக்கு ஒரே பிஸ்கட்டு. என் ஃப்ரெண்டோட அம்மா நாலு மாடி ஏறி வந்து அவளுக்கு ஊட்டாத குறை. நீயும் சாப்பாடு கொண்டு வரேன்னு சொன்ன. ஒரு நாளாவது வந்தியா?

— மெஷின்ல வேலை இருந்துச்சுடி.

— ஏழு நாளுமா?

— கல்யாண வீட்டு ஜாக்கெட்டு. இருந்துச்சு.

— எப்பவும் ஏதாவது இருக்கும். இன்னைக்காவது வா. காலேஜ் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம்தானே. இதைவிட வேற எதுக்கு உன்னைக் கூப்பிடப் போறேன்?

— பார்க்கலாம்.

— பார்க்கலாம்னா வரமாட்ட. முட்டி வலியா? மழையில நடு ரோட்டுல மடங்கி உக்காந்தியே, அது சரியாப் போச்சுன்னுதானே சொன்ன?

— ஆமா, சரியாப் போச்சு. உனக்கு நேரமாகுது. ஒட்டு.

— கோவமா?

— இல்லடி. அலுப்பு. வேலி நின்னுடுச்சு பாரு, கையை எடுத்துக்கிறேன்.

— சரி, கடைசி ஆளை நீயே வெட்டு. அது நீதான். நீ வராட்டியும் பரவாயில்ல, என் தெருவுல ஒரு இடத்துல இருப்ப. மரத்தடி பெஞ்சுல ஒட்டட்டுமா? நல்லா சாஞ்சு உக்காந்துக்கலாம்.

— ஏற்கெனவே வெட்டி வச்சிருக்கேன். இந்தா. பெஞ்சு வேண்டாம். மருந்துக் கடை வாசல்ல ஒட்டு.

— அங்க எதுக்கும்மா? வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு என்ன பண்ணுவ?

— நிக்கிறேன். நீ ஒட்டு.

— இதென்ன... தலைக்கு மேல குடையா?

— கருப்புப் பேப்பர் கொஞ்சம் மீதி இருந்துச்சு.

— அம்மா. இந்தக் கையில என்ன இது? பையா?

— பை இல்லடி. உன் சாப்பாட்டு டப்பா. ஏழு நாளும் ஆறிப் போய், திரும்பி வந்து நானே சாப்பிட்டேன்.