ரெண்டுன்னு வெளிய சொல்லக் கூடாதாம்

...அதுக்குன்னு என்னக் கொண்டாந்து கடைசி சீட்டுல குந்த வைக்கலாமா தம்பி, நீயே சொல்லு. முன்னால பாரு, கனகாம்பரம் வச்சிக்கினு நிமிந்து குந்திக்கினு கீறாளே, அவதான் எங்க ஊட்டுக்காரி செல்லியம்மா. ஜன்னலோரம் மூக்குல துணிய வச்சிக்கினு கீற பொண்ணு எம் மருமவ, கல்பனா. பக்கத்துல கம்பியப் புடிச்சிக்கினு நிக்கிறது எம் புள்ள சந்திரசேகரு. எடம் கீது, குந்த மாட்டேன்றான். மூணு பேரும் அங்க. நா மட்டும் இங்க, டயரு மேல. ஏன்னு கேளு. நா வாயத் தொறந்துடுவனாம்.

இரு இரு, அதக் காதுல மாட்டாத. நீ புத்தூர்லதான எறங்குவ, அது வரிக்கும் கேளு. எம் பேரு கருப்பன். பாலசமுத்திரம் பக்கம். இந்த பஸ்ஸு நேரா அங்கதான் போவுது. கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் ஆடு, அவ்ளோதான் நம்ம சொத்து.

காலைல திருப்பதிக்கு வந்தோம், ஸ்கேனு எடுக்க. இன்னா ஸ்கேனுன்னு சொல்லக் கூடாது. மூணு மாசம் முடியற வரிக்கும் வெளிய மூச்சு உடக் கூடாது, கண்ணு பட்டுடும்னு எங்க பக்கம் ஒரு கட்டுப்பாடு... ம், பாரு, புரிஞ்சிக்கினியா? நா சொன்னனா? சொல்லல. நீயாப் புரிஞ்சிக்கினா அது எங் கணக்குல வராது.

ஆனா ஒன்னு தம்பி. மறைக்கணும்னா மறைக்கிற மாதிரி இருக்கணும் இல்ல? இந்தப் பொண்ணு வாந்தி எடுத்தா மூணாவது ஊட்டு நாயி எழுந்துக்குது. எங்க செல்லியம்மா இவன வயித்துல வச்சிக்கினு இருந்தப்போ காலைல ஒரு தபா எடுப்பா, வாயக் கொப்புளிச்சிட்டு கயினிக்கிப் போயி களை வெட்டுவா. இது அப்டி இல்ல. காலைலயும் எடுக்குது, மத்தியானமும் எடுக்குது, வெளக்கு வச்ச பெறகும் எடுக்குது. எண்ணெ காஞ்சா ஆவல, தாளிச்சா ஆவல. என் பீடி வாசனை ஆவலன்னுச்சு. சரின்னு வெளிய போயிக் குடிச்சேன். சட்டைல அடிக்குதுன்னுச்சு. சட்டையக் கழட்டிப் போட்டேன். இப்போ ஆட்டு வாசனை அடிக்குது மாமான்னுச்சு. ஆடு எங்கியோ மேயுதும்மா, அது நான்தான்னேன். செல்லியம்மா ரெண்டு சோப்பக் கொண்டாந்து கையில குடுத்துட்டா. இந்த வயசுல ஒரு நாளைக்கி ரெண்டு வாட்டி குளிக்கிறேன் தம்பி, யாருகிட்ட போயி சொல்றது?

அப்புறம் தூக்கம். இன்னா தூக்கம்ன்ற! வெயிலு ஏறின பெறகும் படுத்துக்கினு கீது. அடுப்புல பாலு பொங்கி வழியுது, எதுர்ல குந்தின மேனிக்கே தூங்குது. சோம்பேறி ஆயிடுச்சான்னு பாத்தா, எழுந்தா பசி. இப்போதான் எடுத்துட்டு வரும், வந்த கையோட ரெண்டு உருண்டை களி, வேர்க்கல்ல சட்னி, முழுசா துன்னும். கொழாயடிக்கிப் போயி ஒரு கொடம் தண்ணி கொண்டார நடுவுல ரெண்டு எடத்துல நின்னு மூச்சு வாங்குது. அதுலேந்து அந்தக் கொடம் நாந்தான் தூக்கறேன்.

வயிறு வேற. ரெண்டு மாசத்துக்கே ஜாக்கெட்டு ஊக்கு சேரல. நா பாக்கல தம்பி, நா ஏன் பாக்கறேன்? செல்லியம்மா அதத் தூக்கிக்கினு டெயிலரு கங்கம்மாகிட்ட பிரிச்சித் தெக்கக் குடுத்தா. கங்கம்மா ஏன்னு கேட்டாளாம், இவ ஒன்னும் இல்லடின்னு சிரிச்சாளாம். இதான் இவ ரகசியம் காப்பாத்துற லட்சணம். ஆனா கெட்ட பேரு எனக்கு.

நா அன்னிக்கே சொல்லிட்டேன், இது ரெண்டுன்னு. ஆடு ரெண்டு குட்டி போடறதா இருந்தா மொதல்லியே தெரியும், தீனி கூட துன்னும், படுத்துக்கினே இருக்கும், வயிறு தள்ளிக்கும். மருமவள ஆட்டோட சேக்கிறியான்னு செல்லியம்மா ஒரு வாரம் மொகம் குடுத்துப் பேசல. ஆனா நெசத்த சொல்லணும் இல்ல, நா எல்லாப் பொண்ணுக்கும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன். இது வரிக்கும் ஒன்னு கூட பலிச்சது இல்ல.

இன்னிக்கிப் பலிச்சிடுச்சி தம்பி. டாக்டரம்மா தெலுங்குல சொல்லுச்சு, கவலலுன்னு. ரெட்டைப் புள்ள. ரெண்டும் தனித்தனியா துடிக்குதாம், பொட்டில சத்தம் போட்டுக் காட்டுச்சாம். எம் புள்ள வெளிய வந்தான், செவுத்துல சாஞ்சி அப்டியே கீழ குந்திட்டான். இப்போ நிக்கிறான் பாரு, காலைல குந்தினது போதும்னு நெனைக்கிறான் போல.

செல்லியம்மா வெளிய வந்து என்னப் பாத்து சொன்ன மொத வார்த்த இன்னா தெரியுமா? "யோவ், எல்லாம் உன்னாலதான்"னா. நா இன்னா பண்ணேன்? ஆடி மாசம் அம்மன் கோயில்ல தட்டுல ஒட்டு வாழப்பழம் வந்துச்சு, ரெண்டும் ஒன்னா ஒட்டிக்கினு. அத வயசுப் பொண்ணு துன்னா ரெட்டை பொறக்கும்னு குடுக்க மாட்டாங்க. நா மறந்த வாக்குல கல்பனா கையில குடுத்துட்டேன். சாமி பழத்துல யாரு ஒட்டு பாப்பாங்க? பின்னாலயே வந்த டாக்டரம்மா கேட்டு சிரிச்சிடுச்சி. பழத்தால இல்ல பெரியவரே, அம்மா வழியில வரும்னுச்சு. கல்பனா அம்மாவும் ரெட்டையில ஒன்னாம். இருக்கட்டும். ஆனா பழம் குடுத்தது நான்தான். அத யாரும் இல்லன்னு சொல்ல முடியாது இல்ல?

சந்தோசம்தான். ஏன் மறைக்கணும்னு கேக்கறியா? அதுல ஒன்னு கீது தம்பி.

போன வருசமும் உண்டாச்சு. சந்திரசேகரு சந்தோசத்துல தெரு பூரா லட்டு குடுத்துட்டான். ரெண்டு மாசம் தாண்டறதுக்குள்ள அது தங்கல. லட்டு வாங்கின அத்தினி ஊட்லேந்தும் வந்தாங்க. எப்டி ஆச்சு, இன்னா துன்ன, ஏன் பாரம் தூக்கினன்னு. கெட்ட எண்ணத்துல கேக்கல, ஊரு அப்டித்தான். கல்பனா ஒவ்வொருத்திக்கும் எழுந்து வந்து பதில் சொல்லிக்கினே கெடந்துச்சு. கடைசில கொழாயடிக்குப் போறதயே உட்டுடுச்சு. ஊட்ல சிரிப்பு சத்தம் போயே போச்சு. எனக்கு மனசே ஆறல தம்பி.

இந்த வாட்டி எங்கிட்ட தனியா வந்து சொல்லுச்சு. "மாமா, யாருக்கும் தெரிய வேணாம். திரும்ப ஒரு தபா எல்லாருக்கும் பதில் சொல்ல என்னால ஆவாது." ரெண்டுன்னா ஜாக்கிரத கூட வேணும்னு டாக்டரம்மாவும் சொல்லிடுச்சி. அதுக்கு உள்ளுக்குள்ள எவ்ளோ பயம் இருக்கும். அதான் நா யாருகிட்டயும்...

இன்னா தம்பி கையக் காட்டற? மெதுவாவா? மெதுவா பேசினா இந்த பஸ்ஸு சத்தத்துல உனக்கு எங்க...

சத்தம் இல்லியே. வண்டி எப்போ நின்னுச்சு? ரோட்டு வேலையா? இஞ்சின நிறுத்தி எவ்ளோ நேரம் ஆவுது? களி துன்னத சொன்னேனே, அதுலேந்தா? ஏன் நைனா, அப்பவே சொல்றதுக்கு இன்னா? எல்லாம் திரும்பிப் பாக்குது. கண்டக்டரு கூட டிக்கெட்டு போடாம நிக்கிறான். அந்த நீலப் பொடவ எங்க தெரு. மூட்ட மேல குந்திக்கினு கீறவரு எங்க ஊரு. போச்சு. செல்லியம்மா தலைல கைய வச்சிக்கினா.

கல்பனா எழுந்து வருது தம்பி. நீ எங்க எழுந்துக்கிற? ஓ, எடம் குடுக்கறியா. குடு, குடு.

குந்தும்மா. மெதுவா. ஆமாம்மா, சொல்லிட்டேன். வாய வச்சிக்கினு இருக்க முடியல. இன்னா? மூணுன்னு ஆக்கிடாதீங்கன்றியா? இல்லம்மா, ரெண்டுன்னு சரியாத்தான் சொன்னேன். சிரிக்கிறியா? சிரி. நீ சிரிச்சி எவ்ளோ நாளாச்சு.

இப்போ நா சொல்றத கேளு. நல்லதோ கெட்டதோ, ஊர்லேந்து யாரு வந்தாலும் நீ எழுந்து வராத. வாசல்ல கட்டிலப் போட்டுக்கினு நா குந்திக்கிறேன். எப்டி கீறா, இன்னா துன்னான்னு ஒருத்தி வாயத் தொறக்கட்டும், நா ஆரம்பிக்கிறேன். பொழுது சாயற வரிக்கும் உட மாட்டேன். எவளாவது ரெண்டாவது தபா வராளான்னு பாக்கலாம். பதில் எல்லாம் எங்கிட்ட உட்டுட்டு நீ உள்ள நல்லாத் தூங்கும்மா.