சேக்காட்டில் ஒரு தலை குறைந்தது

ஜனத்தொகைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த சமயம். ஆவடியில் காலை வண்டி ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள்.

"கணக்கெடுக்க வந்தவன்கிட்ட எங்க ஊட்டுக்காரு செத்துட்டாருன்னு சொல்லிட்டேன்க்கா," என்றாள் இளையவள்.

"அடிப்பாவி! எதுக்குடி?"

"போன தபா தலை எண்ணிகினு போனாங்க. அப்பாலதான் பக்கத்து நிலத்துல பேக்டரிக்குக் கல்லு நட்டாங்க. எங்க சேக்காட்டு நிலம் அவரு பேருல கீது. செத்தவருகிட்ட கையெழுத்து கேக்க முடியாதே."

"நம்புனானா?"

"என் நெத்திப் பொட்டையே பாத்தான். அப்பால எழுதிகினான்."

மூத்தவள் யோசித்தாள். "ஆளே இல்லாத நிலத்த எடுக்கறது இன்னும் சுளுவாச்சேடி."

இளையவள் திருமுல்லைவாயிலில் வண்டி நின்றதும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஆவடிக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்க எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினாள்.