களமாகிப்போன ரோடு

பூதலூரில் ஏறிய பஸ்ஸில், என் முன்சீட்டுப் பெண் போனைப் பார்த்தபடி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள்: "அண்ணி, நம்ம ஊர் ரோட்டை நெல்லுக் களம்னு வரைஞ்சுட்டேன்."

"எதுல?"

"யார் வேணா வரையலாங்கற மேப்புல. சாட்டிலைட் படத்துல நெல்லு மஞ்சளாக் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு, களம்னு போட்டுட்டேன். அப்புறம் நம்ம ஊருக்கு வழியே காட்டல."

"அடிப்பாவி! நாளைக்கு உன்னைப் பொண்ணு பாக்க வர்றவங்க அதைப் பாத்துத்தானே வருவாங்க?"

"இப்பதான் ரோடுன்னு மாத்தினேன்."

பஸ் நின்றது. எதிரே ரோடு முழுக்க நெல். டிரைவர் ஹார்ன் அடித்து அலுத்தார். நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"அண்ணி, அது அண்ணன்தானே?"

எட்டிப் பார்த்த அண்ணி சட்டென்று சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஈரம் காயணும்ல. பேசாம களம்னே மாத்திடு. அவங்களுக்கு நான் போன்ல வழி சொல்லிக்கிறேன்."