செவ்வாப்பேட்டைக்குப் போன கன்ட்ரோலர்

விசைகளின் வேந்தே, பொத்தான்களுக்குப் பொருள் தந்த பெருந்தகையே, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் குன்றா விளக்கே... இப்படி இன்னும் நான்கு வரி போனால் தணிகாசலம் சார் எழுந்து கேன்டீனுக்குப் போய்விடுவார். ஆகவே பட்டங்களை நிறுத்திவிட்டுப் பாராட்டத் தொடங்குகிறோம்.

வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இரு கையாலும் பிடித்து அமுக்கும் கருவிக்குப் பெயர் கன்ட்ரோலர். அதை வடிவமைப்பதே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட சாரைப் பற்றி, கல்யாணத் தரகர் "கும்மிடிப்பூண்டியில கன்ட்ரோலர்" என்று மட்டும் சொல்லிவைத்தார். செவ்வாப்பேட்டையில் ஏறி, நாள்தோறும் சென்ட்ரல்வரை நின்றுகொண்டே போய்வந்த மணவாளன் ஐயாவுக்குத் தெரிந்தது ஒரே கன்ட்ரோலர்தான்: ரயில்களை நிறுத்தியும் விட்டும் ஆட்டிவைக்கும் ரயில்வே கன்ட்ரோலர். மகள் கல்பனாவைத் தர மறுபேச்சின்றி ஒப்பினார்.

நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டைக் கையிலெடுத்தபடி கேட்டார்: "மாப்ள, காலைல நம்ம வண்டி டெய்லி லேட்டு. ஒரே பேஜாரு. நீங்க பாத்து கொஞ்சம் முன்னாடி உடக்கூடாதா?"

சாருக்குப் பெண்ணைப் பிடித்துப் போயிருந்தது, பொய்தான் வரவில்லை. பையிலிருந்து தான் செய்த புதுக் கன்ட்ரோலர் மாதிரியை எடுத்துக் காட்டினார்.

"இன்னாது, பொம்மையா?" தட்டு பாதியில் நின்றது.

மணப்பெண் கல்பனாவே வந்து வாங்கி அமுக்கிப் பார்த்தார். "ஓரத்துப் பட்டன் எனக்கு எட்டவே இல்லியே. உங்க கைக்கு மட்டும் செஞ்சிக்கினீங்களா?"

அந்தக் கணமே சார் கல்யாணத்தை மறந்தார். "கையக் குடுங்க" என்று, அத்தனை உறவும் பார்த்திருக்க, பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து ஸ்கேல் வைத்து அளக்கத் தொடங்கிவிட்டார்.

மணவாளன் ஐயா பெருமூச்சு விட்டார். "கையப் புட்ச்சிட்டாரு. இனிமே இன்னாத்தப் பேசறது? தட்ட மாத்துங்கய்யா."

அந்த விரலளவில் பிறந்தவையே நம் கன்ட்ரோலர்கள் அத்தனையும். மெலிதாக்கு, மினுக்காக்கு என்று மேலாளர்கள் எத்தனை முறை மேசையைத் தட்டினாலும், வீட்டில் துணைவியார் கல்பனா அம்மா ஆடிப் பார்த்துச் சரி என்ற பிறகே சார் வரைபடத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சோதனை ஆட்டங்களில் சார் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை என்று, இதோ முன்வரிசையில் வீற்றிருக்கும் அம்மாவே எங்களிடம் சொன்னார்.

ஓய்வு பெறும் பெருமகனே, நாளை முதல் பயிற்சிக்கு நேரமிருக்கிறது. அம்மையாரை ஒரே ஒரு ஆட்டத்திலாவது வெல்லும்வரை உடல்நலத்தோடு வாழ்க. தங்கள் ஆட்டத்தை அறிந்தவர்கள் சொல்கிறோம், நூறாண்டு போதாது.

அன்பில் குறையாத
வடிவமைப்புப் பிரிவு ஊழியர்கள்,
கும்மிடிப்பூண்டி