தண்ணீர் தெளிவாக இருந்தது

இலையுதிர் காலத்தில் டிரவுட் மீன் பிடிக்க வருகிறவர்கள் இருட்டோடு எழுந்து ஓடிவருவது வீண்வேலை, ஐயா. இரவுப் பனியில் தண்ணீர் விறைத்துக் கிடக்கும். மீன் அடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். மலைக்கு மேலே வெயில் ஏறி, தண்ணீர் கொஞ்சம் சூடு கண்ட பிறகுதான் அதற்குப் பசியெடுக்கும். நிதானமாகக் காப்பி குடித்துவிட்டு வந்தால் போதும். கேட்டவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். என் தங்கை புருஷன் கோய்கோவுக்கும் சொன்னேன்.

யெலோவ் ஏரியின் மதகுக்காரன் நான். தண்ணீரைத் தேக்குவதும் ஆற்றில் விடுவதும் என் வேலை. விடுவதற்கு முன்னால், ஆற்றில் இருப்பவர்கள் கரையேறச் சங்கு ஊதவேண்டும். அதுவும் என் வேலைதான்.

அக்டோபர் முடிகிற சமயம் பெரிய மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறி, மதகுக்குக் கீழே இருக்கிற கூழாங்கல் பரப்புக்கு வரும். பெட்டை மீன் கூழாங்கல்லை வாலால் விசிறிக் குழி பறித்து, முட்டையிட்டு, திரும்பவும் கல்லால் மூடிவிடும். அப்போது ஆள் பக்கத்தில் வந்தாலும் ஓடாது. அந்த நாட்களில் அங்கே தூண்டில் போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. கோய்கோ மீனவர் சங்கத் தலைவர், அவனுக்கு ஏது சட்டம். பட்டணத்து நண்பர்களைக் கூட்டிவந்து அந்தக் குழிகளின் மேலேயே ரப்பர் பூட்ஸோடு நடப்பான். பெட்டை மீனின் வயிற்றை அழுத்தி முட்டையைப் பாட்டிலில் பிதுக்கிக்கொண்டு, மீனைக் கரையில் வீசிவிடுவான். நான் சங்கத்தில் புகார் செய்தேன். புகாரைப் படித்தவனும் அவனே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாராயக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். கோய்கோ அந்த முட்டைப் பாட்டிலை என் முன்னால் மேசையில் வைத்தான்.

"மச்சான், இந்தா உன் புள்ளைங்க. நீதான் இதுங்களுக்காக அழுறியாமே. தூக்கிட்டுப் போயி வளத்துக்க. வீட்லதான் வேற ஒண்ணும் பொறக்கலையே."

கடை முழுக்கச் சிரித்தது. என் தங்கை ஸ்டாமேனாவும் சிரித்தாள். கையால் வாயை மூடிக்கொண்டாள், ஆனாலும் தோள் குலுங்கியது. என் மனைவி எத்தனை முறை கருச்சிதைந்து படுத்தாள் என்பதும், ஒவ்வொரு முறையும் துணிகளைத் துவைத்துப் போட்டது யார் என்பதும் ஸ்டாமேனாவுக்குத் தெரியும். அவள்தான் துவைத்தாள். அவள் சிரித்ததற்காக எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். குடித்த இடத்தில் ஆயிரம் பேச்சு வரும். நானும் கொஞ்சம் சிரித்தேன். எனக்கு இருந்த கவலையெல்லாம் மீன்களைப் பற்றித்தான்.

சனிக்கிழமை காலையில் கோய்கோ போன் செய்தான். பாட்டில் விஷயத்தை அவன் மறந்தே போயிருந்தான்.

"மச்சான், தண்ணி எப்படி இருக்கு?"

"தெளிவா இருக்கு மாப்ள. முட்டிக்குக் கீழதான். ஆத்து நடுத்திட்டு வரைக்கும் போலாம். நல்லா வெயில் ஏறுனப்புறம் வா."

"உன் தங்கச்சியும் வரேங்கிறா. சாப்பாடு கட்டிட்டிருக்கா."

"வரட்டும், வெயில் நல்லா இருக்கும்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த நேரத்தில் தண்ணீர் அப்படித்தான் இருந்தது.

மதகின் மேலிருந்து பார்த்தால் நடுத்திட்டு நன்றாகத் தெரியும். அவன் முட்டைக் குழிகளை மிதித்துக்கொண்டே திட்டுக்குப் போய்ச் சேர்ந்தான். ஸ்டாமேனா கரையில் கம்பளி விரித்து, ரொட்டியும் புகைபோட்ட ஆட்டிறைச்சியும் எடுத்து வைத்தாள். நான் மதகுச் சக்கரத்தைத் திருப்பினேன். முழுக்கத் திறந்தேன். சங்கு ஊதவில்லை.

தண்ணீர் சுவர்போல எழும்பி வரும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அப்படி வராது. முதலில் நிறம் மாறும், பிறகு சருகுகள் வரும், பிறகு கால் நழுவும். கோய்கோ திட்டில் இருந்த வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஸ்டாமேனா மதகைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"அண்ணே, மூடுண்ணே. ஆத்துல ஆள் இருக்கு. அண்ணே, நாந்தான்."

நன்றாகவே கேட்டது. அவளுக்கு நான் தெரிந்தேன், எனக்கும் அவள் தெரிந்தாள். என் கை சக்கரத்தின் மேல்தான் இருந்தது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பிடிக்க ஆற்றில் இறங்கினாள். அவளை யாரும் இறங்கச் சொல்லவில்லை. கரையிலேயே இருந்திருக்கலாம்.

இரண்டு பேரும் கண்ணிலிருந்து மறைந்த பிறகு மதகை மூடினேன். ஒழுங்காக எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் சக்கரம் சிரமமில்லாமல் சுற்றியது. வீட்டுக்குப் போய்ச் சோளக்களி சாப்பிட்டேன்.

இவ்வளவையும் மீன்களுக்காகத்தான் செய்தேன். யாராவது ஒருவர் செய்யத்தான் வேண்டியிருந்தது.

அவ்வளவு தண்ணீரைத் திறந்துவிட்டால் அந்தக் கூழாங்கல் பரப்பு என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். அடியோடு பெயர்த்துக்கொண்டு போய்விடும், ஐயா. நேற்று உங்கள் போலீஸ்காரர்களோடு இறங்கிப் பார்த்தேன், வெறும் பாறைதான் இருக்கிறது. இந்த வருஷத்து முட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. சக்கரத்தில் கை வைத்தபோதே அது எனக்குத் தெரியும்.