மேல்வீட்டுச் சத்தம்

இல்ல தம்பி, மறுபடியும் பெல் அடிக்காதீங்க, அதான் கதவைத் திறந்துட்டேனே. உள்ள வாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, என்ன? சத்தத்தைப் பத்திக் கேக்க வந்தவரையே சத்தம் போடாதீங்கன்னு சொல்றாளேன்னு பாக்கறீங்க. நியாயம்தான். ஆனா பொண்ணு உள்ள ரூம்ல இருக்கா. அவ காதுல மட்டும் விழ வேண்டாம். கீழ்வீட்டுக்காரருக்குத் தொந்தரவா இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும், மிஷினை நிறுத்திடுவா. நிறுத்தினா நிறுத்தினதுதான். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் போடமாட்டா.

அதுக்குத்தான் வந்தேன்கறீங்களா? அது சரி. முதல்ல உக்காருங்க. கண்ணைப் பாருங்க, செக்கச்செவேல்னு. நைட் டூட்டி முடிச்சு வந்து படுக்கற மனுஷனுக்குத் தலைக்கு மேல இப்படி இரைஞ்சா எப்படித் தூக்கம் வரும்? ஒத்துக்கறேன். நான் ஒண்ணும் வக்கீல் மாதிரி வாதாட வரல. டீ குடிக்கறீங்களா? வேணாமா. ஆமா, இருக்கற தூக்கமும் போயிடும். பால்? சரி, இந்தத் தண்ணியையாவது குடிங்க.

மிக்சியா? ஐயோ இல்ல. வாஷிங் மிஷினும் இல்ல. எல்லாரும் அப்படித்தான் கேக்கறாங்க. அது பேரு சிஎன்சி ரவுட்டர். முதல்ல பொண்ணு சொன்னப்ப, நம்ம வீட்லதான் இன்டர்நெட் டப்பா ஒண்ணு இருக்கே, இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டவ நான். இது வேற. மேஜை மேல வெக்கற சைஸ்ல ஒரு அலுமினியச் சட்டம், நடுவுல ஒரு மோட்டார், மோட்டார் நுனியில பென்சில் முனை மாதிரி ஒரு பிட். கம்ப்யூட்டர்ல படம் போட்டு அனுப்பினா, அது பாட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போய்ப் பலகையில அதைச் செதுக்கிக் கொடுத்துடும். இருக்கறதுலயே விலை கம்மியான மிஷின்தான். ஆனா வந்ததுலேர்ந்து அது கேட்டதும் அதுக்கு வாங்கினதும்! எங்க வீட்டுக்காரர் அதுக்கு மாப்பிள்ளைன்னே பேர் வெச்சுட்டார். சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டும்போதே கேப்பார், இன்னிக்கு மாப்பிள்ளைக்கு என்ன வேணுமாம்னு.

நீங்க கீழேர்ந்து எல்லாத்தையும் காதால கேட்டிருப்பீங்க. எது எது என்னன்னு நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. ஒருநாள் தொம் தொம்னு தரையில எதையோ போட்ட மாதிரி கேட்டிருக்கும். அது பார்சல் வந்த அன்னிக்கு. அட்டைப்பெட்டியைத் திறந்தா மிஷினே இல்ல, கம்பியும் ஸ்க்ரூவுமா இருக்கு. நாமதான் பூட்டிக்கணுமாம். முட்டை வாங்கற அட்டை இருக்கு பாருங்க, அதுல குழிக்கு ஒரு சைஸா ஸ்க்ரூவைப் பிரிச்சு வெச்சா. நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். கை நழுவிடுச்சு. அதான் தொம்.

அப்புறம் பல் டாக்டர் கிட்டப் போனா கேக்குமே, ஙீன்னு, அந்த மாதிரி ஒரு சத்தம். கேட்டீங்களா? அது கூடவே வந்த மோட்டார். பச்சைப்பிள்ளை. தாளைக் கீறும், அட்டையைக் கீறும், கெட்டியான மரத்தைக் கண்டா அழும். அந்த மோட்டார்லதான் முதல் வேலை செஞ்சா, சாவி மாட்டற பலகை. இந்தா இவ்ளோ நீளம்னு படம் போட்டு, ரெண்டு பேரும் பக்கத்துல நின்னு பாக்கறோம், மிஷின் ஒரு இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது. அங்கேயே சுத்தி சுத்தி வந்துட்டு, வேலை முடிஞ்சதுன்னு நின்னுடுச்சு. பாத்தா, பலகை நடுவுல சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கீறல். என்னன்னா கம்ப்யூட்டர் அங்குலக் கணக்குல சொல்லியிருக்கு, மிஷின் அதை மில்லிமீட்டர்னு எடுத்துக்கிச்சாம். இதுல எறும்புதாம்மா சாவி மாட்டும்னு சொல்லிட்டு அவ சிரிச்சா தம்பி. நல்லா, வாய்விட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா.

ஆமா, சிரிச்சா. அதுல என்னன்னு கேக்கறீங்களா? ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்.

அதுக்கப்புறம் டர்ர்ர் டகடகடகன்னு கதவை உடைக்கற மாதிரி ஒண்ணு. அதுவா? கரெக்டா ஞாபகம் வெச்சிருக்கீங்களே! சட்டத்தோட ஓரம் வந்துடுச்சுன்னு மிஷினுக்குத் தெரியாது. போய் முட்டிக்கிட்டு, அப்பவும் போவேன் போவேன்னு அடம் பிடிக்கும். அதனால ஓரத்துல குட்டி குட்டி சுவிட்சு வாங்கி மாட்டினா. அதைத் தொட்டதும் நின்னுக்கும். எங்க வீட்டுக்காரர் அதைக் கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். இதே மாதிரி ஒண்ணு உங்கம்மா வாய்க்குக் கிடைக்குமான்னு விசாரின்னார். நான் கரண்டியோட நிக்கறேன், என் எதிர்லயே சொல்றார்.

இருங்க.

இருங்க தம்பி, ஒரு நிமிஷம். பேசாதீங்க.

ம். ஒண்ணுமில்ல. பிட் மாத்தியிருக்கா. பாருங்க, மறுபடி ஓடுது. எங்க விட்டேன்?

மேல ஒரு பெட்டி போட்டு மூடினாச் சத்தம் குறையுமேங்கறீங்களா? ம்... குறையும்கறாங்க. போடறவங்க போடறாங்க. நெட்ல பாத்திருப்பீங்க. இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்தவா? வேணாமா.

பெரிய மோட்டார் கதையைக் கேளுங்க. அழற மோட்டாரை வெச்சுக்கிட்டு மரவேலை ஆகாதுன்னு பெருசா ஒண்ணு வரவழைச்சா. வந்தது தடியா இருக்கு, பழைய பிடியில உக்காரல. வேற பிடி வாங்கணும்னா அதுக்கு ஒரு வாரம் ஆகும். இவ என்ன பண்ணினா தெரியுமா? கெட்டியான பலகை ஒண்ணு எடுத்து, அந்தப் பச்சைப்பிள்ளை மோட்டாரை வெச்சே புது மோட்டாருக்குப் பிடி செதுக்கிட்டா. மெல்ல மெல்ல, பொழுதுக்கும் ஓடுச்சு. தன் இடத்துக்கு வரப்போறவனுக்குத் தானே நாற்காலி செஞ்சு போட்டுட்டுப் போச்சு அந்த மோட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. தூக்கிப் போடாதேன்னு சொல்லி அலமாரியில வெச்சிருக்கேன்.

என் காய் வெட்டற பலகையும் போச்சு. செதுக்கற மரத்துக்கு அடியில ஒரு பலகை கொடுக்கணுமாம், பிட் தாண்டி வந்தாலும் மேஜை ஓட்டையாகாம இருக்க. ரெண்டு நாள் தேடினேன். பாத்தா மாப்பிள்ளை கீழ படுத்திருக்கு.

நடுவுல ஒருநாள் பிட் ஒடிஞ்சுது. எல்லாம் பார்சல்லதான் வரும், இவ வெளிய போகமாட்டா. அன்னிக்குப் பாதி வேலையில ஒடிஞ்சதும் முள்ளு மேல நிக்கற மாதிரி நின்னா. திடீர்னு செருப்பை மாட்டினா. அம்மா, பின்னாடித் தெரு ஹார்டுவேர் கடையில கிடைக்குதான்னு பாத்துட்டு வரேன்னு போயிட்டா. நான் அடுப்பை அணைச்சுட்டு, வெறும் பையை எடுத்துக்கிட்டு, ஏதோ வாங்கப் போறவ மாதிரிப் பின்னாடியே போறேன். அவ நின்னா நான் நிக்கறேன். அவ ரோட்டைக் கடந்தா நானும் கடக்கறேன். ஒரு திருப்பத்துல சட்டுனு திரும்பிட்டா. நான் ஒரு டயர் கடைக்குள்ள நுழைஞ்சு டயரை அழுத்திப் பாக்கறேன். எங்க வீட்ல சைக்கிள்கூடக் கிடையாது. அம்மா, வா, சேர்ந்தே போலாம்னு அங்கேர்ந்தே கூப்பிட்டா.

சரி சரி, உங்க தூக்கத்துக்கு வரேன். இப்ப ஒரே இரைச்சலா வருதே, அது மோட்டார் மட்டும் இல்ல. செதுக்கற தூள் வீடு பூரா பறந்துச்சு. நான் தும்மினாத் தூள், துண்டை உதறினாத் தூள். அதனால மோட்டாரைச் சுத்திப் பழைய பிரஷ்ஷை வெட்டி ஒட்டி, தூசி உறிஞ்சற மிஷினோட குழாயைச் சொருகிட்டா. அதுவும் இதுவும் சேர்ந்துதான் இந்த ஊளை. மிஷின் காலுக்கு ரப்பர் வெச்சிருக்கோம். இல்லாட்டி உங்க ஃபேனே ஆடியிருக்கும்.

என்னது? அதெப்படி நீங்க வந்து படுத்த உடனே கரெக்டா ஆரம்பிக்குதுன்னு கேக்கறீங்களா? அது... தற்செயல்னு வெச்சுக்கோங்களேன். டூட்டி முடிஞ்சு நீங்க லேட்டா வந்தா அதுவும் லேட்டா ஆரம்பிக்குதா? அடேங்கப்பா, அதையெல்லாமா கவனிக்கறீங்க? வீட்டு ஓனர் கிட்டப் போறீங்களா? வேணாம் தம்பி. உக்காருங்க. அவர் நேரா இவ கிட்டத்தான் கேப்பார். சொல்றேன், உக்காருங்க.

இல்ல, உக்கார வேணாம். எழுந்ததுதான் எழுந்தீங்க, அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்குங்க.

ஆமா. பெட்டி. இவ்ளோ நேரம் நீங்க உக்காந்திருந்தது அதுமேலதான். திறந்து பாருங்க. உள்ள சுத்தி ஃபோம் ஒட்டி, முன்னாடி பாக்கறதுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட் வெச்சு, மேல மூடி போட்டு, என்ன நேர்த்தியாச் செஞ்சிருக்கா பாருங்க. பெரிய மோட்டார் போட்ட மறுநாளே ஆரம்பிச்சுட்டா. கீழ நைட் டூட்டி பாக்கறவர் இருக்கார்மா, பாவம்னு. மரக்கடைக்கு அவளே போய் அளவு சொல்லிப் பலகை அறுத்து வாங்கிட்டு வந்தா.

அப்புறம் ஏன் இங்க கிடக்குதா? அதான் சொல்ல வரேன். போட்டுப் பாத்தா, தம்பி. ஒரு சாயங்காலம் ரூம் கதவைச் சாத்திட்டு, பெட்டிக்குள்ள வெச்சு, மூடியையும் போட்டு ஓட்டினா. நான் சமையல்கட்டுல இருக்கேன். திடீர்னு ஒண்ணும் கேக்கல. மிஷின் ஓடுதா, நின்னுடுச்சா, உள்ள என்ன பண்றா, ஒண்ணுமே தெரியல. ஈரக் கையோட ஓடிப்போய்க் கதவைத் திறந்துட்டேன். உக்காந்து பலகையைத் தேய்ச்சுட்டு இருக்கா. என்னம்மான்னா. என்னத்தச் சொல்றது? பெட்டி ரொம்ப நல்லா இருக்குடி, ஹால்ல உக்கார ஒரு பெஞ்ச் இல்லாம இருந்தோம்னு சொல்லிட்டேன். அப்போ கீழ்வீட்டுக்காரருக்குன்னு இழுத்தா. அவர் கிட்டக் கேட்டுட்டேன், அவருக்கு இந்தச் சத்தம் தாலாட்டு மாதிரி இருக்காம், இது கேக்காட்டி இப்பல்லாம் தூக்கமே வரமாட்டேங்குதாம்னு சொன்னேன்.

ஆமா, நீங்கதான். நீங்க சொன்னதா நான் சொன்னேன்.

அவ அப்படியே நம்பிட்டா. அதுமட்டுமா? அன்னிலேர்ந்து ஜன்னல்ல நின்னு பாக்கறா. உங்க வண்டி வந்து நிக்குதா, நீங்க படியேறி வந்து உங்க வீட்டுக் கதவைச் சாத்தற சத்தம் கேக்குதா, அவ்ளோதான், பட்டனைத் தட்டிடுவா. நீங்க நல்லாத் தூங்கணுமாம். நேத்து பலகை தீர்ந்துபோச்சுன்னு சும்மாவே ஓட்டினா, காத்துல. உங்களுக்காக.

சிரிங்க, சிரிங்க. நல்லவேளை சிரிச்சீங்க. நான் திட்டுவீங்கன்னு நினைச்சேன்.

இன்னியிலேர்ந்து பெட்டிக்குள்ள வெச்சுடறோம். நீங்க தூங்கற நேரம் மூடியைப் போட்டுடறேன். எழுந்தப்புறம் மூடியைக் கொஞ்சம் தூக்கி வெச்சுப்பேன், இவ்ளோண்டு, அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது. அவ கிட்ட என்ன சொல்றதா? கீழ்வீட்டுத் தம்பிக்கு இப்பல்லாம் சத்தம் இல்லாமலே தூக்கம் வருதாம், உன் புண்ணியத்துலன்னு சொல்றேன். படியில பாத்தா நீங்களும் ஒரு வார்த்தை நல்லாச் சொல்லுங்க. குனிஞ்சுக்கிட்டுப் போவா, ஆனா காது கேட்டுக்கும்.

எனக்கு ஏன் சத்தம் வேணும்னா கேக்கறீங்க?

போன வருஷம் நீங்க இங்க குடிவந்த புதுசுல, படியில என்னைப் பாத்துச் சொன்னீங்களே. மேல ஆள் இருக்கற மாதிரியே தெரியல, ஒரு சின்னச் சத்தம் இல்ல, இந்த மாதிரி மேல்வீடு அமையக் கொடுத்து வெச்சிருக்கணும்னு. மறந்திருப்பீங்க. அப்போதான் இவ வேலையை விட்டுட்டு வந்து படுத்த நேரம். வேலையை விட்டதுதான் காரணமா, வேற எதாவதான்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது. டாக்டர் கிட்டப் போறோம், மருந்து சாப்பிடறா, பரவாயில்ல இப்ப. அப்பல்லாம் கதவைச் சாத்தினா சாத்தினதுதான். பாட்டு கிடையாது, போன் கிடையாது, நாற்காலி நகர்ற சத்தம்கூடக் கிடையாது. நீங்க பாராட்டாத்தான் சொன்னீங்க. நானும் சிரிச்சுக்கிட்டே, ரொம்ப சந்தோஷம் தம்பின்னுட்டு மேல வந்தேன். வந்து அவ கதவுல காதை வெச்சேன், மூச்சு கேக்குதான்னு. தினமும் வெக்கறதுதான். அன்னிக்குக் கொஞ்சம் அதிக நேரம் வெச்சேன்.

சரி, நீங்க போய்ப் படுங்க. கண்ணு சொருகுது பாருங்க. பெட்டியோட அந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக் கொடுத்துட்டுப் போறீங்களா? அவ ரூம் வாசல் வரைக்கும் போதும்.